நடந்தவருக்கு எதற்கு ரோடு?

என் மச்சான் காசிமுக்கு உலகத்தின் பேர்பெற்ற பாதைகள் அத்தனையும் தெரியும். பாலக்காட்டில் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழி மட்டும் தெரியாது. ஒவ்வொரு முறையும் போன் செய்து, "மாப்ளே, எந்தச் சந்துல திரும்பணும்?" என்று கேட்பார்.

அவர் என் மனைவி ரஹ்மத்தின் அண்ணன். கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சென்னையில் மகனோடு இருக்கிறார். மனைவி மவுத்தாகிப் போன அடுத்த வருஷம் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆனது. டாக்டர் நடக்கச் சொன்னார். வேறு யாராவது என்றால் மெரினாவில் நடப்பார்கள். மச்சான் ஸ்பெயினுக்குப் போனார்.

அங்கே ஏதோ ஒரு பெரிய தேவாலயத்தை நோக்கி நூற்றாண்டுகளாக யாத்திரிகர்கள் நடக்கிற பாதை இருக்கிறதாம். வழியெல்லாம் மஞ்சள் அம்புக்குறி, சிப்பிக் குறி. தங்குகிற இடத்திலெல்லாம் ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுப்பார்களாம். அது முடிந்து பெரு நாட்டில் இன்கா மன்னர்கள் போட்ட கல்படிப் பாதை. அப்புறம் ஜப்பானில் சாமுராய்கள் போய்வந்த மலைப்பாதை. கரடி வராமலிருக்க மணி அடித்துக்கொண்டே நடக்க வேண்டுமாம். கடைசியாக ரோம். ரதச் சக்கரம் உருண்டு பள்ளம் விழுந்த கருங்கல் சாலை. இவை எல்லாம் எனக்கு மனப்பாடம். என் குடைக்கடைக்கு மழைக்கு ஒதுங்க வந்தவர்களுக்கும் மனப்பாடம்.

போன வருஷம் ஓணம் முடிந்த வாரத்தில் வந்து இறங்கினார்.

"நம்ம பக்கத்துப் பாதைய நடக்காம உலகத்தைச் சுத்தி என்ன மாப்ளே பிரயோஜனம்?"

அவர் கையில் திட்டம் தயாராக இருந்தது. ஒன்று, பாலக்காட்டுக் கணவாய். ரோமாபுரிக்குப் போன மிளகு இந்த வழியாகத்தான் போனது. இரண்டாவது, பீர்மேட்டு மலையில் தேயிலை வேலைக்கு வந்த தமிழ்ச் சனங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த பாதை. இரண்டையும் நடந்துவிட வேண்டும்.

"அண்ணனத் தனியா விட முடியாதுங்க. நீங்களும் போங்க" என்றாள் ரஹ்மத்.

"கடை?"

"நான் பாத்துக்குவேன்."

அவள் என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வாள். அது வேறு ஒரு வருத்தம்.

முதல் நாள், கணவாயில் இருக்கிற பெருமாட்டிப் பக்கம். நெடுஞ்சாலையில் நடந்தால் லாரிக்காரன் ரோமுக்கே அனுப்பி வைத்துவிடுவான் என்று சொல்லி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் போகிற பழைய ஊர்ச்சாலைக்கு அவரைத் திருப்பிவிட்டேன். காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்றிருந்தது. மச்சான் இரண்டு கையிலும் இரண்டு நடைக்கம்பு ஊன்றி, பனியில் நடப்பவர் போல டக் டக்கென்று போனார். முதுகில் பை. அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கால் மணி நேரம் சொல்வார், நான் கேட்கவில்லை.

பெருமாட்டியில் நடப்பதில் ஒரு கஷ்டம், யாரும் நம்மை நடக்க விடமாட்டார்கள். முதலில் பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தினார்.

"ஏனுங்க, பஸ்ஸ உட்டுட்டீங்களா?"

"இல்லீங்க, சும்மா நடக்கறோம்."

"சும்மாவா? ஏறுங்க, ரெண்டு பேரையும் கொண்டுபோயி உட்டுர்றேன்."

அவரை அனுப்பி வைப்பதற்குள் தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. அப்புறம் ஒரு ஆட்டோ. அப்புறம் மாட்டுக்குப் புல்லுக்கட்டு தூக்கிப்போன ஒரு அம்மா, எங்களை மேலும் கீழும் பார்த்து, "ஊட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?" என்று கேட்டார். மச்சான் அவரிடம் ரோமாபுரி வணிகர்களைப் பற்றி விளக்கத் தொடங்கினார். அந்த அம்மா புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடியே முழுவதும் கேட்டார்.

"அவுங்கெல்லாம் வண்டி இல்லாத காலத்துல நடந்தாங்க. நீங்க எதுக்குங்க நடக்கறீங்க?"

மச்சான் கம்புகளை ஊன்றிக்கொண்டு நடையைக் கட்டினார். எனக்கு அந்த அம்மாவைக் கும்பிடலாம் போலிருந்தது.

அதைவிடக் கொடுமை முத்திரை. ஸ்பெயின் வழக்கப்படி அவரே ஒரு புத்தகம் தைத்துக் கொண்டுவந்திருந்தார். வழியில் ரப்பர் ஸ்டாம்பு இருக்கிற இடமெல்லாம் ஏறினார். பால் சொசைட்டியில் இருந்த மனிதர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுக்குச் சீல், என்ன சர்டிபிகேட், எந்த ஆபீசுக்கு, ஆதார் இருக்கா? இருபது நிமிஷம் நின்றோம். கடைசியில், "செக்ரட்டரி சாப்பிடப் போயிருக்காருங்க, அவுரு இல்லாம குத்தக் கூடாதுங்க" என்றார். மணி அப்போது காலை பத்தேகால்.

நண்பகலில் ஒரு தோப்புக்காரர் எங்களை வலுக்கட்டாயமாக நிழலுக்கு இழுத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். பின் தன் காரிலேயே கொண்டுவந்து பாலக்காட்டில் இறக்கிவிட்டார். மச்சான் காரில் ஏறமாட்டேன் என்று ஒரு தடவைதான் சொன்னார். அது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை.

இரண்டாம் நாள் முழுக்க பஸ். மலை ஏறுகிற இடத்தில் பஸ் புகைவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார், பீடி பற்ற வைத்தார். அடுத்த பஸ் எப்போது என்று ஒருவர் மலையாளத்தில் கேட்டார். வரும் என்றுதான் எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்றார் கண்டக்டர். ஒரு மணி நேரம் மழைச்சாரலில் நின்றோம். என்னைத் தவிர எல்லோரிடமும் குடை இருந்தது. குடைக்கடைக்காரன் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மச்சான் ஜப்பானில் மழையில் நடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பீர்மேட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஜெபமணி, தேயிலை எஸ்டேட் தொழிலாளிப் பெண். அவர் மகள் பாலக்காட்டில் நர்சிங் படித்தபோது இரண்டு வருஷம் எங்கள் மாடியில்தான் இருந்தாள். ஜெபமணிக்கு ஐம்பது வயதிருக்கும். பிறந்ததும் வளர்ந்ததும் எஸ்டேட்டில்தான். ஆனால் பேச்சு இன்னும் திருநெல்வேலி. எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். நிர்வாகம் கைவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. தொழிலாளிகள் தங்களுக்குள் தேயிலைப் பாத்திகளைப் பிரித்துக்கொண்டு, கொழுந்து கிள்ளி, தாங்களே விற்கிறார்கள்.

ஜெபமணியின் லயம், அதாவது வரிசை வீடு, நாலாம் டிவிஷனில் இருந்தது. கடைசி டிவிஷன். ஜீப் எங்களைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டது. ஓடையின் மேல் இருந்த சின்னப் பாலம் முன்னொரு மழையில் இடிந்து, ரோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் கல்லும் சேறும்தான். ஜீப் டிரைவர் கிறிஸ்டோபர், ஜெபமணியின் தம்பி, வண்டியைத் திருப்பிக்கொண்டே, "இதுக்கு அங்கிட்டு ரெண்டு காலுதான் வண்டி" என்றார்.

மச்சானுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்குச் செருப்பு அறுந்தது.

ஜெபமணி கப்பைக்கிழங்கு, நம் மரவள்ளிதான், அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்து வைத்திருந்தார். பால் இல்லாத கட்டன் சாயா. குளிருக்கு அதைவிட நல்ல சாப்பாடு உலகத்தில் எந்தப் பாதையிலும் கிடைத்திருக்காது. மச்சான்கூட ஒப்பிடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"அந்தப் பழைய பாதைக்கு என்ன பேரும்மா?"

"எந்தப் பாதை?"

"கீழேயிருந்து உங்க சனம் ஏறி வந்த பாதை."

"பேரா?" ஜெபமணி சிரித்தார். "பாதைக்கு எதுக்கு அண்ணாச்சி பேரு? கீழ போனா கீழ, மேல வந்தா மேல."

எல்லைக்கல் வரைக்கும்தான் போகலாம், அதற்கு அப்புறம் காடு, அனுமதி இல்லாமல் காலே வைக்கக்கூடாது என்றார். லயத்திலிருந்து எல்லைக்கல் மூன்று கிலோமீட்டர் இறக்கம். மச்சான் முகம் கொஞ்சம் வாடியது. பெருவில் கூட அனுமதிச் சீட்டு வேண்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். தங்கள் பாத்தியும் அந்தப் பக்கம்தான் என்று ஜெபமணியும் இன்னும் ஐந்து பெண்களும் கூடவே வந்தார்கள். இடுப்பில் படங்கு என்கிற தடித்த துணி கட்டி, தலையில் துணி சுற்றி, பேசிக்கொண்டே சரசரவென்று இறங்கினார்கள். மச்சான் கம்பு ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் கல்லைச் சோதித்து இறங்கினார். சில இடங்களில் யாரோ எப்போதோ பதித்த கற்கள் இருந்தன. அவற்றைப் போட்டோ எடுத்தார். பாத்தி வந்ததும் பெண்கள் நின்றுவிட்டார்கள். நாங்கள் மட்டும் எல்லைக்கல் வரை போனோம்.

எல்லைக்கல் ஒரு கல். பாசி பிடித்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மரங்கள், அதற்குக் கீழே மூட்டம். மூட்டம் விலகினால் கம்பம் பள்ளத்தாக்கு தெரியும் என்றார்கள். விலகவில்லை. மச்சான் கல்லின் மேல் கை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு, "போலாம் மாப்ளே" என்றார். ரோமைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

ஏற்றத்தில் நூறு அடி போவதற்குள் உட்கார்ந்துவிட்டார். களைப்பு என்றார். எழுந்து இன்னும் ஐம்பது அடி போய்த் திரும்ப உட்கார்ந்தார். அந்தக் குளிரில் அவர் கழுத்தெல்லாம் வியர்வை. இடது கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மச்சான், மாத்திரை எதாவது இருக்கா?"

"பையில... முன்னாடி ஜிப்."

முன் ஜிப்பில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருந்தது. அதோடு மடித்து வைத்த டாக்டர் சீட்டும் இருந்தது. சமதளத்தில் நடக்கலாம், ஏற்றம் கூடவே கூடாது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. மாத்திரையை அவர் நாக்கடியில் வைத்துவிட்டு, அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"தெரிஞ்சே வந்தீங்களா?"

அவர் கண்ணை மூடியபடி பேசினார். "ஸ்பெயின்ல நான் முழுசா நடக்கலை மாப்ளே. பாதிக்கு மேல பஸ்ல போனேன். பெருவுல முதல் நாளே மூச்சு வாங்கி இறக்கி விட்டுட்டாங்க. மத்தவங்க நடந்தாங்க, நான் ரயில்ல போயி அவங்களுக்காகக் காத்திருந்தேன். ஜப்பான்லயும் அப்படித்தான். இந்த ஒண்ணாவது சின்னது, முடிச்சிரலாம்னு நினைச்சேன். வீட்ல சும்மா உக்காந்தா அவ நெனப்பு வருது."

"இதெல்லாம் இப்பவா சொல்லணும்? பேசாம இருங்க!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. பிறகு மேல்நோக்கி, "ஜெபமணி!" என்று கத்தினேன். பாதை வளைவில் இருந்து குரல் வந்தது. "அங்கேயே இருங்க அண்ணாச்சி! நடக்க விடாதீக!"

ஜெபமணி வந்து ஒரு பார்வைதான் பார்த்தார். "மார் வலியா? எலிசபெத்து, ஓடிப் போயி பாத்திக் கொட்டகையில இருக்க நாற்காலிய எடுத்துட்டு வா. மேரி, நீ மேட்டுல ஏறி கிறிஸ்டோபருக்குப் போன் அடி. ஜீப்ப ஓடைப் பாலத்துல நிறுத்தச் சொல்லு." போன் சிக்னல் கிடைக்கிற மேட்டை அவர்கள் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

அரை மணியில் நாற்காலி வந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு பக்கமும் நீளமான சில்வர் ஓக் கம்புகள் வைத்து நைலான் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. அவசரத்துக்கு அப்போது கட்டியதல்ல. கம்புகள் தோள் படுகிற இடத்தில் மட்டும் எண்ணெய் தேய்த்தது போல வழவழப்பாக இருந்தன. எத்தனை பேரைச் சுமந்தால் மரம் அப்படித் தேயும் என்று யோசிக்கிற நேரம் அது இல்லை. ஆனாலும் யோசித்தேன்.

மச்சானை உட்கார வைத்து, நெஞ்சைச் சுற்றி ஒரு படங்கைக் கட்டினார்கள். நான்கு பெண்கள் நான்கு முனையில் தோள் கொடுத்தார்கள்.

"நானும் பிடிக்கறேன்" என்றேன்.

"உங்க உயரத்துக்கு நாற்காலி சாயும் அண்ணாச்சி. பையத் தூக்கிட்டு வாங்க."

அப்படியே செய்தேன். அவர்கள் ஏறினார்கள். தேவைப்பட்ட இடத்தில் ஒருத்தி "கல்லு" என்பாள், இன்னொருத்தி "வழுக்கு" என்பாள், வேறு பேச்சில்லை. இருநூறு அடிக்கு ஒரு தடவை தோள் மாற்றினார்கள். மாற்றும்போதும் நாற்காலி தரையில் படவில்லை. பின்னால் நான் இரண்டு நடைக்கம்புகளையும் பையையும் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க வந்தேன். ஒரு இடத்தில் மச்சான், "என்னை இறக்கி விடுங்கம்மா, மெதுவா நடக்கறேன்" என்றார்.

"பேசாம இரும்யா! சாகணும்னா உம்ம ஊர்ல போயி சாவும். எங்க பாதையில வேண்டாம்" என்றார் ஜெபமணி. சொல்லிக்கொண்டே அவர் நெஞ்சில் கட்டிய படங்கை இழுத்து இறுக்கினார்.

லயம் வந்தது. அங்கே நிற்கவில்லை. இன்னும் இரண்டு கிலோமீட்டர், அந்தச் செத்த ரோட்டில். வழியில் வீடுகளில் இருந்து ஆண்கள் ஓடிவந்து தோள் மாற்றிக்கொண்டார்கள். இடிந்த பாலத்துக்கு இந்தப் பக்கம் வரை சுமந்து, ஓடைக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் கடந்து, அந்தப் பக்கம் ஏறி, ஜீப்பில் வைத்தார்கள். மூன்று கிலோமீட்டர் ஏற்றமும் இரண்டு கிலோமீட்டர் சேறும். கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

பீர்மேட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடனே கோட்டயத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு ரத்தக்குழாய் அடைத்திருந்தது. இரண்டு நாளில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

அப்புறம் மூன்று வாரம் மச்சான் எங்கள் வீட்டில். ரஹ்மத் அவருக்கு உப்பில்லாமல் சமைத்தாள், எனக்கும் அதையேதான் போட்டாள். வாசலில் இருந்து கேட் வரைக்கும் நடக்க அனுமதி. அவர் பாதைக் கதை எதுவும் சொல்லவில்லை. அந்த அமைதி வீட்டில் எல்லோரையும் தொந்தரவு செய்தது.

நான்காவது வாரம் ஜெபமணி போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஓடைப் பாலத்தைக் கட்டித் தரச் சொல்லி வருஷக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எஸ்டேட் ரோடு, கம்பெனியைக் கேளுங்கள் என்கிறது பஞ்சாயத்து. கம்பெனியோ இல்லவே இல்லை. வெளி ஆட்களும் போய்வருகிற பாதை என்று காட்டினால் பஞ்சாயத்து எடுத்துக்கொள்ளலாம் என்று புதிதாக வந்த வார்டு மெம்பர் சொல்லியிருக்கிறாராம்.

"வெளியாளுன்னா எங்களுக்கு உங்க மச்சான்தான் அண்ணாச்சி. ஒரு கடுதாசி எழுதித் தருவாகளா?"

மச்சான் உடனே எழுதினார். அழகான எழுத்து. சென்னைவாசியான நான் இன்ன நாளில் இந்தப் பாதையை நடந்து பார்த்தேன், சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த பாதை, சீர்செய்ய வேண்டும். போனில் ஜெபமணிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நடந்தாகன்னு எழுதினா எப்படி? நடந்தவருக்கு எதுக்கு ரோடுன்னு கேப்பாகளே. தூக்கிட்டு வந்தோம்னு எழுதச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் இருந்ததால் மச்சானும் கேட்டார். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை. ரஹ்மத் கேட்டதற்கு, "நாலு பொம்பளைங்க என்னைச் சுமந்தாங்கன்னு ஊர் ஆபீஸ்ல எழுதி வைக்கணுமா?" என்றாராம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உயிரைக் காப்பாற்றிய சனங்கள் ஒரு வரி கேட்கிறார்கள், இவருக்குக் கௌரவம். சாப்பிடும்போது கேட்டே விட்டேன்.

"அவங்க சுமந்தது உண்மையா இல்லையா?"

"உண்மைதான்."

"அப்ப எழுதறதுல என்ன?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மாப்ளே, உன்கிட்ட மட்டும்தான் நான் உண்மையச் சொன்னேன். அதுவும் சாகப் போறேன்னு நினைச்சு சொன்னது. இப்ப உயிரோட இருக்கறப்ப சொல்றது வேற."

மறுநாள் காலை அவரே, "பீர்மேட்டுக்கு டாக்ஸி சொல்லு. தபால்ல அனுப்பற விஷயம் இல்ல" என்றார். ரஹ்மத் எங்கள் இருவரையும் திட்டினாள். பிறகு மாத்திரைகளை எடுத்து வைத்தாள்.

பஞ்சாயத்து ஆபீசில் ஜெபமணியும் எட்டுப் பத்துப் பேரும் காத்திருந்தார்கள். கிளார்க் ஒரு இளம்பெண். மனுவை மலையாளத்தில் எழுத வேண்டும் என்றார். எழுத ஒருவரைப் பிடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்தது. சாப்பாடு முடிந்ததும் கரண்ட் போனது. கரண்ட் வந்ததும், மனுதாரர் வெளி மாநிலம், இந்த ஊரோடு சம்பந்தம் என்ன என்று கேள்வி வந்தது. நான் மேஜையில் குத்தலாமா என்று யோசித்தேன்.

மச்சான் எழுந்து நின்றார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் பேசினார். எனக்கு இதய நோய் உண்டு. அதை மறைத்து இங்கே வந்தேன். என்னால் நடக்க முடியவில்லை. இந்தப் பெண்களும் ஊர்க்காரர்களும் என்னை நாற்காலியில் வைத்து ஐந்து கிலோமீட்டர் சுமந்தார்கள். ரோடு இருந்திருந்தால் பாதித் தூரத்தில் ஜீப் கிடைத்திருக்கும். நான் நடந்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய். இதுதான் சம்பந்தம்.

கிளார்க் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து, "சாட்சி யார்?" என்றார்.

நான் கேரளத்து ஓட்டுக்காரன். நான்தான் சாட்சி.

"நீங்களும் சுமந்தீர்களா?"

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உயரம் அதிகம், நாற்காலி சாயும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் ஓடை வந்த இடத்தில், இரண்டு கிலோமீட்டர் சேற்றில், ஆண்கள் தோள் மாற்றியபோது, யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானாக ஒரு தடவைகூடப் போய் நிற்கவில்லை. மச்சானைப் பற்றி வாரக்கணக்கில் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"இல்லை" என்றேன். "பின்னால் நடந்து வந்தேன்."

கிளார்க் அதையும் அப்படியே எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் ஜெபமணி எங்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். மச்சான் சர்க்கரை இல்லாமல் குடித்தார். நாலாம் டிவிஷன் பெண்கள் அவரைச் சுற்றி நின்று, ஸ்பெயினில் கிழங்கு கிடைக்குமா, அங்கே பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். நிறைய உருளைக்கிழங்கு என்றார். பெண்கள் வேலையைப் பற்றித் தெரியாது, பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. எஞ்சினியர் வந்து அளந்தார். அளவு தப்பு என்று இன்னொருவர் வந்து அளந்தார். தேர்தல் வந்தது, எல்லாம் நின்றது. நான் வாரம் ஒரு தடவை ஆபீசுக்குப் போன் செய்வேன். மச்சான் சென்னையிலிருந்து தினமும் செய்வார் என்று பிறகு தெரிந்தது. எங்கள் இருவரில் யார் பேசினாலும் அந்தக் கிளார்க்குக்குக் குரலே தெரியும். அடுத்த மழைக்கு முன்னால் நான்கு சிமெண்ட் குழாய்கள் ஓடைக்கரையில் வந்து இறங்கின. அவை ஒன்றரை மாதம் அங்கேயே கிடந்தன. ஆடு மேய்கிற படத்தை ஜெபமணி எனக்கு அனுப்பினார், குழாய்க்குள் ஒரு குட்டி.

போன மாதம், கடையில் கூட்டமாக இருந்த நேரம், ஜெபமணியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, குழாயப் பதிச்சு ரோட்டச் சேத்துட்டாக, இன்னிக்கு ஜீப்பு லயத்து வாசல் வரைக்கும் வந்துச்சு."

"யார் வந்தா?"

"எங்க லயத்துப் பொண்ணு ரோஸ்லின். பிரசவம் முடிஞ்சு வாறா. கிறிஸ்டோபர் முன் சீட்டுல இருத்தி, மடியில பிள்ளையக் குடுத்து..." அவர் நிறுத்தினார். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தமும், புதுப்பிள்ளை அழுகிற சத்தமும் கேட்டன. "பிரசவத்துக்குப் போனப்ப நாங்கதான் நாற்காலியில தூக்கிட்டுப் போனோம். இப்ப வாறப்ப உக்காந்துகிட்டே வந்துட்டா அண்ணாச்சி. உக்காந்துகிட்டே."